முதுகு இல்லாத சுவர்

செட் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் முதலில் ஒன்று கேட்கிறேன். நீங்கள் கட்டிய எதன் மீதாவது நீங்களே ஏறி நின்றிருக்கிறீர்களா? சிரிக்காதீர்கள். முப்பது வருடம் இந்த வேலையில் ஓடிவிட்டு இப்போது வீட்டில் உட்கார்ந்திருக்கிறவள் கேட்கிறேன். கடைசிச் சில வருடங்கள் வரைக்கும் நானும் ஏறியதில்லை. ஏற வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். யூனிட்டில் என்னை லதா தாயி என்பார்கள். மராத்தியில் தாயி என்றால் அக்கா. முதுகுக்குப் பின்னால் வேறு என்னென்னவோ சொன்னார்கள், அது எனக்கும் தெரியும்.

சினிமா, சீரியல், விளம்பரம், நடனப் போட்டி என்று எல்லாவற்றுக்கும் சுவர் எழுப்பியிருக்கிறேன். அரண்மனையோ ஆஸ்பத்திரியோ, எனக்கு எல்லாம் ஒன்றுதான். மரச்சட்டம், அதன் மேல் பிளைவுட், அதன் மேல் பெயின்ட். சுவரின் முகம் கேமராவைப் பார்க்கும். முதுகுப் பக்கம் சாய்வாக ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து, அதன் அடியில் மணல் மூட்டையை வைத்துவிட்டால் சுவர் நிற்கும். அந்த முட்டு கேமராவில் தெரியாது. நம் தொழிலின் மொத்தத் தந்திரமும் அந்த முதுகில்தான் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

வேலையின் கடைசி வருடங்களில், பழைய வீடுகளைப் புதுப்பித்துக் கொடுக்கும் ஒரு டிவி நிகழ்ச்சிக்குப் போனேன். குடும்பத்தை ஐந்து நாள் ஹோட்டலில் தங்கவைத்துவிட்டு வீட்டை அடியோடு மாற்றுவோம். ஆறாம் நாள் கண்ணைக் கட்டிக் கூட்டிவந்து வாசலில் துணியை அவிழ்ப்போம். அவர்கள் அழுவார்கள். அந்த அழுகைதான் நிகழ்ச்சி. அதுவரைக்கும் வீட்டைப் பற்றி அவர்களிடம் யாரும் மூச்சு விடக் கூடாது. அது எங்கள் சட்டம்.

ஒரு வீட்டுச் சமையலறைச் சுவரில் நீளமாக அலமாரித் தட்டு அடித்துக் கொடுத்தோம். படப்பிடிப்புக்காக அதில் காலி டப்பாக்களை வரிசையாக அடுக்கினேன். பதினைந்து நாள் கழித்து அந்த வீட்டம்மா போன் செய்தார். டப்பாக்களில் அரிசியும் பருப்பும் நிரப்பியதும் தட்டு கழன்று விழுந்துவிட்டதாம். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. ஆள் அனுப்பி மாட்டிக் கொடுத்தேன். "காலி டப்பாவுக்குத்தானே டிசைன் பண்ணோம்" என்று யூனிட்டில் சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அவமானமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு வந்ததுதான் எங்கள் ஊரில் கட்கி என்ற பகுதியில் இருந்த வீடு. என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். தமிழ்க் குடும்பம். செல்வி, அவள் கணவன், ஏழு குழந்தைகள். மூன்று அவள் பெற்றவை. நான்கு அவளுடைய அக்காவின் பிள்ளைகள். அக்காவும் அக்கா கணவரும் ஒரே விபத்தில் போய்விட்டார்கள். ஏழு பேரில் பெரியவள், அக்கா மகள் பவித்ராவுக்குப் பத்து வயது. கடைக்குட்டிக்கு இரண்டு. செல்வி ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா, அவள் கணவன் டெம்போ ஓட்டுகிறவன்.

வீடு பார்க்கப் போன அன்றைக்கே நான் ஒன்றைப் பார்த்தேன். நீளமாக ஒரே அறை, மூலையில் ஒரு இரும்புக் கட்டில். "டிவி அக்கா வந்திருக்காங்க" என்று செல்வி சொன்னதுதான் தாமதம், ஏழும் ஒரே நேரத்தில் அந்தக் கட்டிலில் ஏறிக் குதித்தன. கட்டில் கிறீச்சிட்டது. "இறங்குங்க சனியனுங்களா!" என்று செல்வி கத்தினாள். ஒன்றுகூட இறங்கவில்லை. நானும் சிரித்தேன். நோட்டில் அறையின் நீள அகலத்தை மட்டும் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வீட்டில் ஒரு பெரிய சங்கடம் இருந்தது. இறந்துபோன அக்கா கணவரின் அண்ணன், அந்த நான்கு பிள்ளைகளுக்குப் பெரியப்பா, சோலாப்பூரில் இருந்தார். அவருக்கும் மனைவிக்கும் குழந்தை இல்லை. தம்பி பிள்ளைகள் நால்வரில் சின்னதுகள் இரண்டைத் தானே கூட்டிப்போய் வளர்க்கிறேன் என்று நின்றார். கெட்டவர் இல்லை. "என் தம்பி பிள்ளைங்க அடுப்புக்கும் பாத்ரூமுக்கும் நடுவுல சுருண்டு கிடக்குதுங்க. கால் நீட்ட இடமில்ல. இதப் பாத்துட்டுப் போயி நான் அங்க எப்படிம்மா சோறு தின்றது?" என்று முதல் நாள் கேமரா முன்னாலேயே கேட்டார்.

செல்வி விடவில்லை. "நாலையும் ஒண்ணாத்தான் வளப்பேன் மாமா. பிரிச்சீங்கன்னா எங்க அக்கா இன்னொரு வாட்டி செத்த மாதிரி" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

கடைசியில் அவர் ஒரு வார்த்தை கொடுத்தார். ஏழு பேருக்கும் ஏழு படுக்கை இருந்தால் பிரிக்க மாட்டேன். ஆறாம் நாள் நேரில் வந்து பார்ப்பேன். இல்லையென்றால் அன்றைக்குச் சாயங்கால ரயிலிலேயே சின்னதுகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். எங்கள் இயக்குநருக்கு வாயெல்லாம் பல். இப்படி ஒரு எபிசோட் எங்கே கிடைக்கும்?

இயக்குநர் மும்பைக்காரர், பேச்செல்லாம் இந்தியில்தான். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். "கட்டிலுக்குக் காலே வேணாம் தாயி. சுவர்லேருந்து மெதக்கற மாதிரி இருக்கணும்" என்றார். அறையை நடுவில் ஒரு சுவர் வைத்து இரண்டாக்கினேன். ஒரு பக்கம் பெண் பிள்ளைகளுக்கு நான்கு கட்டில், மறுபக்கம் பையன்களுக்கு மூன்று, ஒன்றின் மேல் ஒன்றாக. செங்கல் வைத்துக் கட்டினால் பூச்சு காய நாளாகும். அதனால் எனக்குத் தெரிந்த சுவரை எழுப்பினேன். மரச்சட்டம், பிளைவுட், பெயின்ட்.

எங்கள் தச்சர், என் வயதுக்காரர், அவரை மிஸ்திரி என்றே எல்லோரும் கூப்பிடுவோம். அவர் ஒரு தடவை கேட்டார்: "தாயி, இதுக்கு முட்டு எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும் ரூம். முட்டை எங்க வைக்கிறது, உங்க தலையிலயா? போல்ட்டைப் பெருசாப் போடுங்க" என்றேன்.

அவர் பெருசாகவே போட்டார். முடித்ததும் அப்படி ஓர் அழகு. நான் போனில் படம் எடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

ஆறாம் நாள் காலை பதினோரு மணிக்கு ஒத்திகை. நான்கு மணிக்குக் குடும்பம் வரும், பெரியப்பாவும் வந்துவிடுவார். குழந்தை மேல் கட்டிலுக்கு ஏறுவது எப்படித் தெரியும் என்று பார்க்க, உதவி இயக்குநராக இருந்த பெண்ணை ஏறச் சொன்னார்கள். கேமரா ட்ரைபாடில் இருந்தது. அவள் ஏறினாள்.

"ஸாரி, ஷாட் ஆடிடுச்சு. இன்னொரு தடவை" என்றார் கேமராமேன். மறுபடி ஏறினாள். மறுபடி ஸாரி. மூன்றாம் தடவை அவர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு ட்ரைபாடின் பூட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தாயி, நான் கேமராவைத் தொடவே இல்ல."

ஆடியது சுவர்.

நான் போய் மேல் கட்டிலின் விளிம்பைப் பிடித்துத் தொங்கினேன். சுவருக்குள் எங்கோ ஆணி முனகியது. அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. செட் சுவருக்கு ஒரு முகம், ஒரு முதுகு. வீட்டுச் சுவருக்கு இரண்டு பக்கமும் முகம். முட்டுக் கொடுக்க முதுகே இல்லாத ஒரு சுவரில், இரண்டு பக்கமும் ஏழு குழந்தைகளைத் தொங்கவிட இருந்தேன். கேட்ட மிஸ்திரியையும் கிண்டல் செய்து வாயை அடைத்துவிட்டேன். ஒருத்தி ஏறியதற்கே ஆடுகிறது. ஏழும் ஒன்றாக ஏறும் என்பது இந்த யூனிட்டிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும், கண்ணால் பார்த்தவள்.

"சுவரைப் பிரிக்கணும்" என்றேன்.

இயக்குநர் முதலில் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். பிறகு கத்தினார். பிறகு, இதுதான் ஆபத்து, மெதுவாகப் பேசினார். "தாயி, யோசிச்சுப் பாருங்க. கட்டில் இல்லன்னா அந்த ஆளு ரெண்டு பிள்ளையக் கூட்டிட்டுப் போயிடுவாரு. அந்தப் பாவம் உங்களுக்கு வேணுமா? இன்னைக்குக் கீழ்க் கட்டில்ல மட்டும் உக்காரவச்சு ஷாட் எடுத்துடலாம். நாளைக்கு ஆளைவிட்டு ஸ்ட்ராங் பண்ணிக்கலாம்."

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் சரி என்று சொல்ல இருந்தேன். தப்பு என்னுடையது, அதை மூடி மறைக்க அவரே வழி காட்டுகிறார். நல்ல காரணமும் கூடவே வருகிறது. உங்களுக்கும் ஒருநாள் இப்படித்தான் வரும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மோசமான யோசனை எப்போதும் யாரோ ஒரு குழந்தையின் நல்லதுக்காகத்தான் வந்து நிற்கும்.

ஆனால் நாளைக்கு எங்கள் யூனிட் நாசிக்கில் இருக்கும் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

"ஏழு பிள்ளைங்களையும் மேல ஏறாதேன்னு சொல்றதுக்கு இன்னைக்கு ராத்திரி நீங்க இங்க தங்கறீங்களா?" என்று கேட்டேன். அவர் வாட்சைப் பார்த்தார். "அப்ப வழிய விடுங்க."

பிறகு நான் சட்டத்தை மீறினேன். கராடி என்ற பகுதியில் ஹோட்டலில் தங்கியிருந்த செல்விக்குப் போன் போட்டேன். பிள்ளைகள் கூச்சல் பின்னால் கேட்டது.

"செல்வி, நான்தான் லதா. உன் வீட்ல கட்டில் மாட்டினேன். தப்பா மாட்டிட்டேன். பிள்ளைங்க ஏறினா விழுந்துடும்."

அவள் குரல் இறங்கியது. "மாமா ரயில் ஏறிட்டாருக்கா. வந்துக்கிட்டே இருக்காரு. கட்டில் இல்லன்னா ரெண்டையும் கூட்டிட்டுப் போய்டுவாரு."

"தெரியும்டி."

"சின்னவன் என் கழுத்தக் கட்டிக்கிட்டாத்தான் தூங்குவான்."

அங்கே அவள் அழுகிறாள் என்று தெரிந்தது.

"பிரிச்சிப் போட்டுருங்கக்கா" என்றாள். "எங்கிட்டருந்து போனாலும் உசுரோடயாவது இருக்கட்டும். ஆனா நாலு மணிக்குள்ள எதனா பண்ணுங்க. ஏழு பேருக்கு. நீங்கதான தப்புப் பண்ணீங்க, நீங்கதான் பண்ணணும்."

அவள் சொன்னது நியாயம். அதைவிட நல்ல உத்தரவு இந்த முப்பது வருடத்தில் எனக்கு யாரும் போட்டதில்லை.

மிஸ்திரி ஏற்கனவே போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்திருந்தார். "சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நான் வாசலில் நின்று யோசித்தேன். நம் தொழிலில் பொய்யாகக் கட்டாத பொருள் என்று ஏதாவது இருக்கிறதா? ஒன்று இருந்தது. நடன மேடை. இரும்புச் சட்டத்தின் மேல் தடித்த பலகை. ஒவ்வொன்றும் எட்டடி நீளம், நாலடி அகலம். அதன் மேல் ஒரு கூட்டமே ஒரே தாளத்தில் குதித்தாலும் அசையாது. ஆடுகிறவர் விழுந்தால் நிகழ்ச்சியே நின்றுவிடும் என்பதால் அதை மட்டும் நாம் நிஜமாகவே கட்டுகிறோம். முடிந்துபோன ஒரு நடனப் போட்டியின் மேடைகள் லோஹேகாவ் கோடவுனில் சும்மா கிடந்தன.

நீள அறைக்கு நான்கு மேடை போதும் என்று கணக்குப் போட்டேன். அனுப்பச் சொன்னேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, கேட்டிருந்தால் இன்றுவரை காத்திருப்பேன்.

லாரி கட்கிக்கு வந்து சேர இரண்டரை மணி ஆகிவிட்டது. சந்துக்குள் லாரி நுழையாது. ஒரு மேடையைத் தூக்க ஆறு பேர் வேண்டும். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் சுவரைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ரகசியம் வெளியே போகக் கூடாது என்று ஐந்து நாளாகச் சந்து முனையில் கயிறு கட்டி, அக்கம்பக்கத்தாரை எல்லாம் தள்ளி நிறுத்தியிருந்தோம். அவர்கள் அங்கேயே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போய்க் கயிற்றை அவிழ்த்தேன்.

"செல்வி பிள்ளைங்க படுக்கறதுக்கு மேடை. தூக்கறீங்களா?" என்று தமிழில் கேட்டு, மராத்தியிலும் கேட்டேன்.

"அஞ்சு நாளா இதத்தான கேக்கணும்னு நின்னுக்கிட்டிருக்கோம்!" என்று ஒரு பெண் இடுப்பில் முந்தானையைச் செருகினாள். "சலோ சலோ, புடிங்க!" என்று குரல்கள் எழுந்தன. டீக்கடைக்காரர், பேக்டரி ஷிப்ட் முடிந்து வந்தவர்கள், யூனிபாரம் மாற்றாத ஒரு போஸ்ட்மேன், எல்லோரும் தோள் கொடுத்தார்கள். நான்கு மேடையும் அரை மணி நேரத்தில் உள்ளே வந்துவிட்டன.

குட்டைக் கால்களை மாட்டி, நாலடிப் பக்கம் சுவரைத் தொடும்படி அடுத்தடுத்து வைத்து, ஒன்றோடொன்று முடுக்கினோம். சுவரோரமாக முழு நீளத்துக்கும் ஒரே மேடை. கறுப்புப் பெயின்ட். ஆடுகிறவர்கள் எங்கே நிற்க வேண்டும் என்று ஒட்டிய நட்சத்திரங்கள்கூட அதில் அப்படியே இருந்தன. கட்டிலுக்காக வாங்கிய ஏழு மெத்தைகளையும் அதன் மேல் வரிசையாக விரித்தோம், பெயர் தைத்த விரிப்புகளோடு.

"அசிங்கமா இருக்கு" என்றார் இயக்குநர்.

"அசிங்கம்தான். செருப்பைக் கழட்டிட்டு மேல ஏறுங்க" என்றேன். முறைத்துக்கொண்டே ஏறினார். நானும் ஏறினேன். மிஸ்திரி, உதவி இயக்குநர், சந்துக்காரர்கள் என்று பதினைந்து பேர் ஏறிக் குதித்தோம். என் வயதுக்கு முட்டி கழன்றுவிட்டது. "ஷாட் ஆடுதா?" என்று கத்தினேன்.

கேமராமேன் கண்ணை எடுக்காமலே சொன்னார். "ஆடல தாயி. கொஞ்சம்கூட ஆடல."

நான்கு மணிக்குக் கண்ணைக் கட்டியிருந்த துணிகளை அவிழ்த்தோம். குடும்பத்தில் செல்வியைத் தவிர வேறு யாருக்கும் எதுவும் தெரியாது. ஏழும் ஒரு விநாடி நின்று பார்த்தன. "ஸ்டேஜு!" என்று பவித்ரா கத்தினாள். அவ்வளவுதான், ஏழும் ஒன்றாகப் பாய்ந்து ஏறி, நட்சத்திரங்களைத் தேடி மெத்தைகளைப் புரட்டி, குதித்தன. நான் மேடையின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா வாசலில் நின்றார். கையில் மடித்த காலிப் பை. பிள்ளைகளின் துணிமணியை எடுத்துப்போகக் கொண்டுவந்தது. உள்ளே வந்தவர் முதலில் மேலே பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். சுவர் நின்ற இடத்தில் ஓட்டைகள் அப்படியே இருந்தன. "இங்க என்னமோ இருந்துச்சே?" என்றார்.

தொகுப்பாளினி சிரித்து மழுப்பப் பார்த்தாள். நான் கேமரா முன்னால் போய் நின்றேன். வேலைக்கு வந்த நாளிலிருந்து அப்படி நின்றதே இல்லை. "சுவர் இருந்துச்சு ஐயா. அதுல கட்டில் மாட்டியிருந்தேன். பாக்க நல்லா இருந்துச்சு, ஆனா பிள்ளைங்களத் தாங்காது. என் தப்பு. அதான் பிரிச்சுட்டேன். இது தாங்கும்" என்றேன். ஒளிபரப்பில் நான் பேசியதை வெட்டிவிட்டார்கள். அடுத்த சீசனுக்கு என்னைக் கூப்பிடவும் இல்லை. அந்த நான்கு மேடைகளைத் திருப்பிக் கேட்டு கோடவுன் மேனேஜர் வெகுநாள் போன் செய்தார். "இன்னும் டான்ஸ் முடியல" என்று சொல்லி வைத்துவிடுவேன்.

பெரியப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறினார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். நடுவில் நின்று காலால் ஓங்கி மிதித்தார். ஒன்று, இரண்டு என்று மெத்தைகளை விரல் நீட்டி எண்ணினார். ஏழு. அதற்கப்புறம் கடைசியில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு வெறும் கறுப்புப் பலகை.

"இது யாருக்கு?"

அது யாருக்கும் இல்லை. ஒரு மேடையில் இரண்டு மெத்தை விரிக்கலாம், நான்கு மேடைக்கு எட்டு, பிள்ளைகள் ஏழு. கணக்கில் மீந்துபோன இடம். அதை மறைக்க ஒரு பூந்தொட்டியாவது வைத்திருக்கலாமே என்று இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

செல்விதான் முன்னால் வந்தாள். சின்னவனை இடுப்பில் தூக்கி வைத்திருந்தாள். "உங்களுக்குத்தான் மாமா. பிள்ளைங்களப் பாக்க வந்தா நீங்க எங்க படுப்பீங்க?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சின்னவன் இறங்கி ஓடிப்போய் அந்த வெறும் பலகையில் கையால் தட்டிக் காட்டினான். அவர் மெதுவாக உட்கார்ந்தார். பிறகு கையிலிருந்த காலிப் பையை இன்னும் இரண்டு மடிப்பு மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு, காலை நீட்டிப் படுத்தார். கால் விளிம்பைத் தாண்டவில்லை. ஏழு பேரும் அவர் மேல் விழுந்தார்கள்.

சாயங்கால ரயில் அவர் இல்லாமலேயே சோலாப்பூருக்குப் போனது.